வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய்: துணைக்கு வந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகளாக மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். நோயாளிகளிடம் பேசுவதுதான் என் வேலை. ஆனால் வருடங்கள் போகப் போக, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்மேல்தான் என் கண் அதிகம் போகிறது. அக்காவுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுக்கும் தங்கை. அப்பாவின் ரிப்போர்ட்களை மஞ்சள் பையில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கும் மகன். "நீங்கள் பரிசோதனை செய்துகொண்டீர்களா?" என்று இவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "எனக்கு என்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முதலில் இவர் எழுந்து நடக்கட்டும்." அந்தப் பதிலுக்குப் பிறகு தயங்கித் தயங்கி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். எனக்கும் வருமா?

வந்தே தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து மட்டுமே பெற்றோரிடமிருந்து வரும் ஒரு மரபணுக் கோளாறினால் நேரடியாக உண்டாகின்றன. ஆனாலும் உங்கள் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல்தான். தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்தால், ஒரு பெண்ணின் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இரண்டு மடங்கு என்றதும் பலருக்கு முகம் வெளுத்துவிடும். நம் நாட்டில் சுமார் முப்பது பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருவதாகக் கணக்கு. அது பதினைந்தில் ஒருவர் என்றாகிறது. மீதிப் பதினான்கு பேருக்கு வராது. ஆனால் அந்த ஒருவருக்கு நோய் வந்தால், அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க நம்மிடம் வழி இருக்கிறது.

ஒரு தங்கை என் நினைவைவிட்டுப் போவதே இல்லை. அக்காவுக்கு ஆறு கீமோ முடியும்வரை ஒரு நாள் தவறாமல் கூட இருந்தவர். மாத்திரைகளைப் புடவைத் தலைப்பில் கொட்டி எண்ணி, காலைக்கு, இரவுக்கு என்று தனித்தனிக் காகிதத்தில் மடித்து வைப்பார். கடைசி கீமோ ஏறிக்கொண்டிருந்தபோது என்னை வராந்தாவுக்கு அழைத்து, தன் வலது மார்பில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார். எத்தனை நாளாக என்று கேட்டேன். அக்காவுக்கு முதல் ஊசி போட்ட வாரத்திலிருந்தே. நாலரை மாதம். "இரண்டு பேரும் படுத்துவிட்டால் வீட்டை யார் பார்ப்பது?" என்றார். அதுவும் புற்றுநோய்தான். அக்குளில் நெறி கட்டிய பிறகே சிகிச்சை தொடங்கியது. இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் கட்டி சிறியதாக இருந்தபோதே வந்திருந்தால் சிகிச்சை இன்னும் இலகுவாக இருந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு இன்றும் ஆறவில்லை. இந்தக் கேள்வி பதில்களை எழுதுவதற்கு அவர்தான் காரணம்.

நெருங்கிய உறவு என்றால் யார் யார்?

பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பெற்ற பிள்ளைகள். இது முதல் வட்டம். தாத்தா, பாட்டி, பெரியம்மா, சித்தி, அத்தை, மாமா, பெரியப்பா, சித்தப்பா இரண்டாவது வட்டம்.

இதில் ஒரு தவறு எல்லா வீட்டிலும் நடக்கிறது. மார்பகப் புற்றுநோய் என்றால் அம்மா வழியை மட்டுமே யோசிக்கிறார்கள். அத்தைக்கு வந்திருக்கிறது என்று சொன்னால், "அது அப்பா பக்கம்தானே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நம் மரபணுக்களில் பாதி அப்பா கொடுத்தவை. கோளாறுள்ள மரபணுவை அப்பா எந்த நோயும் இல்லாமல் சுமந்து, மகளுக்குக் கொடுத்துவிட முடியும். ஆகவே அத்தையின் நோய்க்குச் சித்தியின் நோய்க்குள்ள அதே எடை உண்டு.

மருமகள்களும் கேட்கிறார்கள். மாமியார் உங்களுக்கு ரத்த உறவாக இல்லாவிட்டால், அவருக்கு வந்ததால் உங்கள் அபாயம் அதிகரிக்காது. உங்கள் கணவரும் நாத்தனாரும்தான் கவனிக்க வேண்டியவர்கள், பிறகு உங்கள் பிள்ளைகள்.

எங்கள் குடும்பத்தில் இது பரம்பரையாக ஓடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சில அடையாளங்கள் உண்டு. ஐம்பது வயதுக்கு முன்பே வந்த மார்பக அல்லது பெருங்குடல் புற்றுநோய். ஒரே பக்கத்து உறவில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருப்பது. இரண்டு மார்பிலும் வந்தது. ஆணுக்கு வந்த மார்பகப் புற்றுநோய். எந்த வயதிலானாலும் சினைப்பைப் புற்றுநோய். ஒருவருக்குக் குடலிலும் அவர் சகோதரிக்குக் கருப்பையிலும் வந்திருந்தால் அதுவும் ஒரே கோளாறின் வேலையாக இருக்கலாம்.

ஆனால் "உங்கள் வீட்டில் யாருக்காவது கேன்சர் இருந்ததா?" என்று கேட்டால் உண்மை வராது. பழைய தலைமுறை அந்தப் பெயரையே சொன்னதில்லை. நான் வேறு மாதிரி கேட்பேன். பாட்டி எந்த வயதில் போனார், கடைசி ஆறு மாதம் எப்படி இருந்தார் என்று. அப்போது வரும்: "வயிறு மட்டும் பானை மாதிரி வீங்கி, கை கால் எல்லாம் குச்சியாகி, நீர் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்." அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். "பெரியப்பாவுக்கு ரத்த மூலம், ஆளே உருகிப் போனார்" என்றால் மலக்குடலைச் சந்தேகிக்க வேண்டும். "கர்ப்பப்பையில் கட்டி என்று எடுத்தார்கள், எடுத்தும் பிழைக்கவில்லை" என்பதும் ஒரு தகவல்தான். இந்த விவரங்களெல்லாம் வீட்டில் உள்ள மூத்த பெண்மணி ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் உறையின் பின்பக்கம் போதும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவரின் வடிவத்துக்குள் கறுப்பு நிறம், பக்கத்தில் எந்த உறுப்பு, எந்த வயது. மருத்துவரிடம் அந்த உறையைக் காட்டினால் அரைமணி நேரப் பேச்சு மிச்சம்.

எந்த வயதில், என்ன பரிசோதனை?

பொதுவான கணக்கு இதுதான்: குடும்பத்தில் மிக இளம் வயதில் நோய் வந்தவரின் வயதிலிருந்து பத்தைக் கழியுங்கள். அம்மாவுக்கு 46இல் பெருங்குடல் புற்றுநோய் என்றால் பிள்ளைகள் 36இல் கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் குடலுக்குள் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டும். அப்பாவுக்கு 62இல் வந்தது என்றாலும் 52 வரை காத்திருக்கக் கூடாது, 40இல் தொடங்கிவிட வேண்டும். எது முன்னால் வருகிறதோ அது.

கொலனோஸ்கோபியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத் தோன்றுகிறது. ஏனென்றால் வெட்கத்தால் அதிகம் தள்ளிப்போடப்படும் பரிசோதனை அதுதான். முந்தைய நாள் குடலைக் கழுவும் மருந்தைக் குடிப்பதுதான் அதில் சிரமமான பகுதி. பரிசோதனையின்போது மயக்கம் கொடுப்பதால் பலருக்கு நினைவே இருப்பதில்லை. குடலின் உள்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சிகள் இருந்தால் அப்போதே அகற்றிவிடுகிறார்கள். அப்படி ஒரு வளர்ச்சி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள்போல ஆகும். நோயைக் கண்டுபிடிப்பதோடு, அது பிறப்பதற்கு முன்பே கிள்ளி எறிவதும் இதில் நடக்கிறது. வேறு பல பரிசோதனைகளுக்கு இந்தச் சிறப்பு கிடையாது. லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு உறுதியான குடும்பங்களில் மட்டும் 20 முதல் 25 வயதிலேயே தொடங்கி, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

மார்பகத்துக்கும் பத்தைக் கழிக்கும் கணக்கு பொருந்தும், ஆனால் 30 வயதுக்கு முன் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே பொதுவாக எடுப்பதில்லை. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படத்தில் எல்லாமே வெள்ளையாகத் தெரியும். மருத்துவர் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. சொல்லலாம். எந்தப் பரிசோதனையும் கிடைக்காத ஊரில் இருந்தால்கூட, பயிற்சி பெற்ற செவிலியர் கையால் சோதித்துப் பார்ப்பதற்கு மதிப்பு உண்டு. மும்பையில் இருபது ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அந்தக் கைப்பரிசோதனை ஒன்றினாலேயே ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்தது.

சினைப்பைக்கு மட்டும் நல்ல ஸ்கிரீனிங் (அறிகுறி தோன்றும் முன்பே நோயைத் தேடும் பரிசோதனை) இன்றுவரை இல்லை. ஆண்டுதோறும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தால் போதும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்து நடத்திய ஆய்வில் அதனால் மரணம் குறையவில்லை என்று 2021இல் தெரிந்தது. சினைப்பைப் புற்றுநோய் உள்ள குடும்பங்களுக்கு மரபணுப் பரிசோதனையே சரியான வழி.

குழந்தையின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஷ் போட்டு எடுத்த புகைப்படத்தில் கருவிழி நடுவே பூனைக் கண்போல வெள்ளையாக மின்னுவதை வீட்டார்தான் பெரும்பாலும் முதலில் பார்க்கிறார்கள். ஒரு குழந்தைக்கு இது வந்திருந்தால் அண்ணன், தம்பி, தங்கை எல்லோர் கண்ணையும் உடனே பார்க்க வேண்டும். அடுத்து பிறக்கும் குழந்தையைப் பிறந்த சில நாள்களிலேயே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். அதுவும் பரம்பரையா?

பெரும்பாலும் இல்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமியால் வருவது. ஆனால் மகள்களும் மருமகள்களும் இதைச் சாக்காக வைத்துப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, எங்காவது வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்க்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இதை ஒரே ஒரு முறை செய்து பார்த்தார்கள். ஏழு ஆண்டுகளில் நோய் 25 சதவீதமும் அதனால் வந்த மரணம் 35 சதவீதமும் குறைந்தன. உலகமே எடுத்துப் பேசிய ஆய்வு, நம் திண்டுக்கல் கிராமத்துப் பெண்கள் வந்து படுத்ததால் கிடைத்தது. இருந்தும் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வாழ்நாளில் ஒரு முறையாவது கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டுப் பெண்களில் பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் எண்.

அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். நான் என்ன செய்ய வேண்டும்?

அப்பாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து நீங்களும் புகையிலை எடுத்தவரா என்று முதலில் சொல்லுங்கள். இங்கே மரபணுவைவிடப் பழக்கம்தான் அதிகம் கைமாறுகிறது. ஆம் என்றால் விட்டுவிடுங்கள், வாயைக் காட்டுங்கள். ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். திருவனந்தபுரத்தில் நடந்த ஆய்வில், புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களின் வாயைச் சோதித்ததால் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மரபணுப் பரிசோதனை யாருக்கு? செய்து என்ன பயன்?

முதலில் நோய் வந்தவருக்கு. இதில்தான் பணம் வீணாகிறது. அக்கா மருத்துவமனையில் இருக்க, நலமாக உள்ள தங்கை தனியாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார். "ஒன்றுமில்லை" என்று முடிவு வந்தால், குடும்பத்தில் கோளாறே இல்லையா, இருந்தும் இவருக்கு வரவில்லையா, தெரியாது. அக்காவிடம் கோளாறு இன்னதென்று கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். செலவும் குறைவு, பதிலும் தெளிவு.

மார்பகமும் சினைப்பையும் சம்பந்தப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலும் தேடப்படுபவை பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற இரண்டு மரபணுக்கள். 1994, 1995இல் கண்டுபிடிக்கப்பட்டவை. கோளாறு உள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேர ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. மகனுக்கும்தான். ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோயும், அரிதாக மார்பகப் புற்றுநோயும் வரலாம். இந்தக் கோளாறுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. அதனால் அவர்களுக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. பரிந்துரைக்கிறார்கள். பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளை அகற்றுவது பற்றியும் பேசுவார்கள். அதை முடிவு செய்ய வேண்டியது அந்தப் பெண்தான். மரபணு ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து பேசாமல் ரத்தம் கொடுக்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

எங்கள் வீட்டில் சொந்தத்தில்தான் திருமணம். அதனால் அபாயம் கூடுமா?

அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் திருமணங்களில் இரண்டு பக்கத்துக் குடும்ப வரலாறும் ஒன்றாகிவிடுகிறது. கணவன், மனைவி இருவரும் ஒரே கோளாற்றைச் சுமந்தால், அது இரண்டு பக்கமிருந்தும் ஒரே குழந்தைக்கு வந்துசேர வழி உண்டு. பி.ஆர்.சி.ஏ. 2 அப்படி இரட்டையாக வந்தால் ஃபேன்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரலாம். லிஞ்ச் கோளாறு இரட்டையாக வந்தால் சிறு வயதிலேயே புற்றுநோய் வரலாம். அரிதுதான். ஆனால் குடும்பத்தில் மரபணுக் கோளாறு உறுதியாகியிருந்தால், சொந்தத்தில் பேசி முடிப்பதற்கு முன் இருவரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

பெண்ணுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?

இந்தப் பயத்தை நான் சிறியதாக நினைக்கவில்லை. அம்மாவின் நோயைச் சொன்னதால் நிச்சயித்த இடம் நழுவிப்போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பரிசோதனை செய்துகொள்வதை ஊருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மருத்துவமனையில் உங்கள் விவரம் உங்களுடையது. புற்றுநோய் தொற்றும் என்று நினைத்துத் தட்டை ஒதுக்கி வைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தொட்டாலோ, சேர்ந்து உண்டாலோ அது தொற்றாது. திருமணத்துக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம், குழந்தை பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளி, கைக்குழந்தையோடு எங்கள் வார்டுக்கு வந்த பெண்களும் உண்டு. அந்த அம்மாக்கள் என் எதிரில் அழுதிருக்கிறார்கள். நானும் அழுதிருக்கிறேன்.

நோய் என்னவென்று அம்மாவுக்கே நாங்கள் சொல்லவில்லை. பிறகு எப்படி சித்தியிடம் சொல்வது?

நம் வீடுகளில் இது மிகவும் சகஜம். "வயிற்றில் புண் என்று சொல்லியிருக்கிறோம் மேடம், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்" என்று வாசலிலேயே மறித்துக் கேட்பார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் கட்டிலில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரிந்தேயிருக்கிறது. பிள்ளைகள் வருந்துவார்கள் என்று அவர் தெரியாததுபோல் இருக்கிறார். அவரிடம் நேராகச் சொல்லப்பட்ட பிறகு, நான் பார்த்த பல தாய்மார்களின் முதல் கேள்வி, "அப்படியென்றால் என் பிள்ளைகளுக்கு?" என்பதுதான். மருத்துவரின் உதவியோடு அவரிடம் சொல்ல முயலுங்கள். அவர் வாயால் தங்கையிடம் சொல்லும் ஒரு வார்த்தைக்கு உள்ள பலம், நாங்கள் அச்சிட்டுக் கொடுக்கும் நூறு துண்டறிக்கைக்கு இல்லை.

அண்ணன் வரவே மாட்டேன் என்கிறார். எப்படி அழைத்துப் போவது?

நோய் தெரிந்த வாரத்தில் பேசாதீர்கள். அப்போது காதில் எதுவும் ஏறாது. சிகிச்சை தொடங்கி வீடு கொஞ்சம் நிலைக்கு வந்தபின் பேசுங்கள். "உனக்கும் வந்துவிடும்" என்று மிரட்டினால் ஆண்கள் இன்னும் தூரம் போய்விடுவார்கள். பெருங்குடல் புற்றுநோயோடு வந்த ஒரு தங்கை, திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த அண்ணனுக்கு என் முன்னால்தான் போன் செய்தார். மூக்கில் டியூப், குரல் எழும்பவில்லை. "அண்ணா, எனக்காக ஒரு தடவை பார்த்துவிடு. நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கும்." அடுத்த வாரமே அவர் வந்தார். இரண்டு பாலிப்களை எடுத்தார்கள். இரண்டும் புற்றாக மாறியிருக்கவில்லை.

பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல் நாள் குறியுங்கள். வியாழக்கிழமை, இந்த மருத்துவமனை, நான் கூட வருகிறேன் என்று சொல்லுங்கள். அண்ணி, மதினி துணையை நாடுங்கள். பெண்களுக்குச் சகோதரிகள் சேர்ந்தே ஒரே நாளில் போவது நல்லது. ஒருத்தி உள்ளே போக, இன்னொருத்தி வெளியே பையைப் பிடித்துக்கொண்டிருந்தால் பாதிக் கூச்சம் போய்விடும்.

எங்கே போவது? செலவு ஆகுமா?

முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். குடும்ப வரலாற்றை மறக்காமல் சொல்லுங்கள், மேல் பரிசோதனைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் பரம்பரைப் புற்றுநோய்க்கு ஆலோசனை உண்டு. அந்த நிலையத்தை 1954இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் ஒரு நோயாளியின் அக்காதான். தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்.

ஏதோ தெரிகிறது, கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்ய வேண்டும் என்கிறார்கள். ஊசி பட்டால் பரவிவிடாதா?

பரவாது. ஸ்கிரீனிங்கில் திரும்ப அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. பயந்து பாதியில் நின்றுவிடாதீர்கள். ஒன்றுமில்லை என்று வந்தாலும் அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்டு, காலண்டரில் எழுதிவிட்டே வீட்டுக்குப் போங்கள்.

அம்மா போய்விட்டார். இனி அந்த ரிப்போர்ட்களை வைத்து என்ன செய்வது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மருந்து மாத்திரைகளோடு சேர்த்து ரிப்போர்ட்களையும் குப்பையில் போடும், எரிக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பார்க்கப் பார்க்க மனம் வலிக்கும், புரிகிறது. மற்றதெல்லாம் போகட்டும், பயாப்ஸி ரிப்போர்ட் ஒன்றை மட்டும் எடுத்து வையுங்கள். எந்த உறுப்பு, எந்த வகைப் புற்று, எந்த வயது என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கிறது. மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் அந்த ரிப்போர்ட்டும் வேண்டும். பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை என்றால் உறையில் போட்டு ஒட்டி, மேலே அம்மாவின் பெயரை எழுதி, குடும்ப அட்டை வைக்கும் பையில் வைத்துவிடுங்கள். அக்கா, தம்பி எல்லோரும் போனில் அதைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். முதல் முறை மருத்துவரிடம் போகும்போது அதைக் கையில் கொண்டு போங்கள்.